பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

இந்திய பாஸ்போர்ட்டில் சாதி என்றொரு கட்டம் கிடையாது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், நாடு என்பதோடு முதல் பக்கம் முடிந்துவிடும். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் தொடங்கி கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் கூடவே வருகிற அந்தச் சொல் இதில் இல்லை. ஆனால் நம் ஆட்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே முகவரி. 'காலனித் தெரு', 'ஆதிதிராவிடர் காலனி', 'அம்பேத்கர் நகர்', 'இந்திரா காலனி', 'கீழத்தெரு'. முதல் பக்கம் மறைத்ததைக் கடைசிப் பக்கம் சொல்லிவிடும். விமான நிலையத்தில் முத்திரை குத்துகிற அரபு நாட்டு அதிகாரிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் சொல்லாது. அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கு அது எல்லாவற்றையும் சொல்லும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அறிவிப்பு வந்த வாரத்தில் கத்தாரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, அப்போ பாஸ்போர்ட்டுல அட்ரஸ மாத்திக்கலாமாண்ணே?" மாற்றலாம், அதற்கு முதலில் ஆதாரில் மாற வேண்டும், ஆதாரில் மாற ஊராட்சியில் தெருவின் பெயர் மாற வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ ரினிவலுக்குள்ள ஆவாது" என்றான். அவனுக்கு ஒன்பது வருடம் பாக்கி இருக்கிறது.

வெளிநாட்டு வேலை பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. எவ்வளவு பணம் வருகிறது, எத்தனை பேர் ஏமாந்தார்கள், எந்த ஏஜென்ட் பிடிபட்டார் என்று. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. சிங்கப்பூர் முதலிடம், ஐக்கிய அரபு அமீரகம் அடுத்தது. அந்த 22 லட்சத்தில் நம் தெருக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: சம்பளம். அது உண்மை. அதற்குப் பின்னால் இன்னொரு பதிலும் இருக்கிறது. அது கேட்டவுடன் வராது, உட்கார்ந்து பேசினால்தான் வரும். ரியாத்தில் பதினாலு வருடம் கம்பி கட்டிவிட்டு வந்த ஒரு மாமா சொன்னார்: "அங்கன கஷ்டந்தான். அம்பது டிகிரி வெயிலு. ஆனா காலையில எந்திரிச்சா ஒரு சின்னப் பய வந்து 'ஏலே'ன்னு கூப்பிட மாட்டான்." அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. ஊரில் அவரை 'ஏலே' என்று கூப்பிட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டு.

ஆகவே, விரும்பிப் போனார்களா, வேறு வழியில்லாமல் போனார்களா என்று நம் ஆட்களைக் கேட்பது கொஞ்சம் விசித்திரமான கேள்விதான். யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, தானே போய் வரிசையில் நின்றுதான் போகிறார்கள். ஆனால் அந்த விருப்பத்துக்குள் ஊரை விட்டுக் கொஞ்ச நாள் மனுஷனாக இருந்து பார்க்கிற விருப்பமும் கலந்திருக்கிறது.

கப்பலில் போனவர்கள்

இது துபாயோடு தொடங்கிய கதையும் இல்லை. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு காலத்தில் முகாம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பல் போனது. பர்மாவுக்கும், நேட்டாலுக்கும், பிஜிக்கும் போனார்கள். போனவர்களில் பெரும்பங்கு நிலமில்லாத பறையர், பள்ளர் மக்கள். பண்ணையில் பரம்பரை அடிமையாகக் கிடந்தவன், கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பிக் கப்பலேறினான். அங்கேயும் கங்காணியின் கடனேட்டில் அவன் பெயர் இருந்தது. ஆனாலும் மிராசுதார்களுக்கு இந்தக் கப்பல்களைக் கண்டால் பிடிக்காது. கூலி கூடிப்போகும் என்பது ஒரு காரணம். போனவன் திரும்பி வந்தால் பழையபடி குனிய மாட்டான் என்பது இன்னொன்று.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைச் சென்னைக்காரர்கள் மட்டும் படிக்கவில்லை. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று வேலைக்குப் போன இடமெல்லாம் அது போனது. பௌத்த சங்கக் கிளைகளும் அந்த வழியேதான் போயின. சொந்த ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாதவர்கள், சம்பளம் வாங்கும் ஊரில் சங்கம் வைத்தார்கள், சந்தா கட்டினார்கள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். சாதியை மறக்க அவர்கள் போகவில்லை. சாதியைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பதற்கு ஓர் இடமும், கையில் நாலு காசும் அங்கேதான் கிடைத்தன.

1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர் இரட்டைமலை சீனிவாசன். சொல்லக் கூசும் பெயராக மற்றவர்கள் ஆக்கி வைத்ததை முகப்பில் போட்டவர். பின்னர் அவர் தென்னாப்பிரிக்கா போய், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே வெள்ளையருக்கு எல்லா இந்தியரும் 'கூலி'தான். மேல்சாதி வணிகருக்கு அது புதிய அவமானம். சீனிவாசனுக்கு அதில் புதிதாக என்ன இருந்திருக்கும்? திரும்பி வந்து சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றையும் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். வெளிநாட்டு அனுபவம் ஊரில் ஒரு கிணற்றின் மேல் உரிமையாக மாறியதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அம்பேத்கர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். படிப்புக்கு உதவித்தொகை கொடுத்த சமஸ்தானம் அது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்நிய மண்ணில் இருந்த ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அவர் மனதிலிருந்து துடைத்தெடுத்ததுபோலப் போய்விட்டதாம். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் வந்த முதல் கேள்வி: எங்கே தங்குவது? இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, கையில் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. மாலைக்குள் காலி செய்ய வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் யாரும் கேட்காத கேள்வியை சொந்த நாட்டின் ஒரு சத்திரம் கேட்டது. இன்று திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் விட்டிறங்கி, வாடகைக் காரில் ஊர் எல்லையைத் தொடுகிற நம் தம்பிகளுக்கு இந்தப் பக்கங்களைப் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

எரிந்த பாஸ்போர்ட்டுகள்

நம் பகுதியில் வெளிநாட்டுப் பணத்தையும் சாதியையும் சேர்த்துப் பேசும்போது கொடியன்குளத்தைத் தாண்டிப் போக முடியாது. 1995 ஆகஸ்ட் 31. தென் மாவட்டங்களில் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய சாதி மோதல்கள் ஓயாமல் இருந்த நேரம். கொலை வழக்குக் குற்றவாளிகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். முழுக்கத் தலித் மக்கள் வாழும் ஊர். ஆண்கள் பலர் வளைகுடாவில் வேலை பார்த்த ஊர். அந்தப் பணத்தில் காரை வீடுகள் எழும்பியிருந்தன, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று அங்கே உடைக்கப்பட்டவற்றின் பட்டியலை உண்மை அறியும் குழுக்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. டி.வி. பெட்டிகள், மின்விசிறிகள், டேப் ரிக்கார்டர்கள், தையல் இயந்திரங்கள், சைக்கிள்கள், விவசாயக் கருவிகள், டிராக்டர், தானியக் குதிர்கள். குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று ஊர் மக்கள் குற்றம்சாட்டினார்கள். துணிமணிகளைக் குவித்துத் தீ வைத்தபோது, அதில் பாஸ்போர்ட்டுகளும், படித்த பையன்களின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு எப்போதும் மனம் நின்றுவிடும். டி.வி.யை உடைப்பது ஆத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் தீயில் போடுவது வேறு வகை. இனி நீ எங்கேயும் போகக் கூடாது, இங்கேயே கிட என்கிற உத்தரவு அது. ஒரு காலத்தில் மிராசுதார் கப்பலைக் கண்டு பயந்த அதே பயம், காக்கி உடுப்பில் வந்தது. அரசு அறிவித்த நிவாரணத்தை ஊர் மக்கள் வாங்க மறுத்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் டாக்டர் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தில் வென்றார். 2021இல் 'கர்ணன்' படம் வந்தபோது கொடியன்குளம் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்ட பிள்ளைகள் நம் தெருவிலேயே இருந்தார்கள் என்பது தனியே வருத்தப்பட வேண்டிய விஷயம்.

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் நடந்ததும் இந்த வரிசையில் வருவதுதான். அங்கே எரிந்தது பெங்களூரு போன்ற வெளியூர்களில் உழைத்துக் கட்டிய வீடுகள். காதல் திருமணம் காரணம் என்றார்கள். ஆனால் பீரோவை உடைத்து நகையை எடுத்த பிறகு வீட்டுக்குத் தீ வைத்ததற்குக் காதல் மட்டுமா காரணம்? கூரை வீட்டில் இருந்தவரை பொறுத்துக்கொண்ட கண்கள், அது தளம் போட்ட வீடான பிறகு பொறுக்கவில்லை.

வெளிநாட்டில் கிடைத்த கௌரவத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இங்கே இறக்குவது அதனால் அவ்வளவு சுலபமான காரியமில்லை. பெட்டியில் வருகிற பொருளைச் சுங்கத்தில் சோதிப்பார்கள். நடையில் வருகிற மாற்றத்தை ஊர் சோதிக்கும்.

ஒரே சட்டி, இரண்டு ஊர்

வளைகுடா கேம்ப்களின் வாழ்க்கையைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியாது. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். அடுக்குக் கட்டில். முறை வைத்துச் சமையல். இன்று ஒருவர், நாளை இன்னொருவர். யார் சமைத்தாலும் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் பட்டினி. ஊரில் நம் வீட்டுத் தண்ணீரைத் தொடாத சாதிக்காரர், அங்கே நம் ஆள் வைத்த மீன் குழம்புக்கு ருசி சொல்லிச் சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார். பணம் கைமாற்றுக் கொடுக்கிறார், வாங்குகிறார். இது பொய்யான உறவு என்று நான் சொல்ல மாட்டேன். பல அறைகளில் அது உண்மையான சிநேகம்.

குவைத்தில் ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்த இருவரைப் பற்றி ஒரு தோழர் சொன்னார். ஒருவர் நம் தெரு, மற்றவர் நாலு மைல் தள்ளி உள்ள ஊர்த் தெரு. ஒன்றாக லீவு போட்டு, ஒரே விமானத்தில் வந்தார்கள். இங்கே வந்த பிறகு சந்திப்பது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மட்டும்தான். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவருக்கு அழைப்பு வந்தது, வாட்ஸ்அப்பில். "நீ மண்டபத்துக்கு வந்துரு, வீட்டுக்கு வேண்டாம், எங்கய்யா ஒரு மாதிரி" என்ற குரல் பதிவோடு. இவர் மண்டபத்துக்கும் போகவில்லை. இருவரும் திரும்பி குவைத் போய், அதே அறையில், அதே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோழர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா அறையும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக ஒருவன் வந்து பெட்டியை வைத்ததும், "ஊரு எது?" என்பது முதல் கேள்வி. ஊர் பெயர் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வி தேவைப்படாது. குருபூஜை நாளில் போனில் முகப்புப் படங்கள் மாறும், அறைக்குள் இரண்டு அணி உருவாகும். ஊரில் ஒரு தகராறு நடந்தால் அரை மணி நேரத்தில் வீடியோ அங்கே போய்விடுகிறது. கட்டிலுக்குக் கட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும், அதற்குள் இங்கே கோபம் ஆறியிருக்கும். அந்த இடைவெளியைக் கைப்பேசி இல்லாமலாக்கிவிட்டது. ஊரை விட்டுப் போனவன் இப்போது முழுதாகப் போவதே இல்லை.

கணினி வேலைக்கு அமெரிக்கா போனவர்கள் நிலையும் இதிலிருந்து தப்பவில்லை. 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசு அமைப்பு, சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாக வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை ஆளுநர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்திவிட்டார். அங்கே சாதியே இல்லை, எதற்குச் சட்டம் என்று வாதாடியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் "எங்க ஊர்ல அப்படியெல்லாம் கிடையாதுங்க, எல்லாரும் தாயா பிள்ளையா இருக்கோம்" என்று சொல்கிற குரல் ஆங்கிலம் பேசினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த விவாதத்தைத் தேடிப் படிக்கலாம்.

அந்தப் படிப்புக்கே போவதற்கான வழியிலும் ஒரு வேலி இருக்கிறது. வெளிநாட்டில் உயர்கல்வி படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா தொடர்பான சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்க முடியாது என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். எந்திரவியல் படிக்கலாம், உன் பாட்டன் கதையைப் படிக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்குள் எத்தனை அச்சம் ஒளிந்திருக்கிறது!

கொடைக்கு வருகிறவர்கள்

திரும்பி வருகிறவர்கள் ஊரில் தங்கள் இடத்தை எப்படிக் குறிக்கிறார்கள்? முதலில் வீடு. நம் தெருக்களில் இப்போது நிற்கிற வீடுகளைப் பாருங்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கிற வண்ணங்கள், முகப்பில் தூண்கள், மாடிக் கைப்பிடியில் பளபளக்கிற எவர்சில்வர் கம்பி. 'காசு வந்ததும் ஆட்டம் காட்டுறான்' என்பார்கள் ஊர்த் தெருவில். நம் படித்த தோழர்கள் சிலரும் இதை வீண் ஆடம்பரம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று தலைமுறையாக வாசலில் நிமிர்ந்து நுழைய முடியாத குடிசையில் இருந்தவர்கள், பஸ்ஸிலிருந்தே தெரிகிறாற்போல ஒரு வீடு கட்டினால் அதில் தப்பு என்ன?

ஆனால் வீடு எங்கே கட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதே தெருவில். அதே மூன்று சென்ட் பட்டா நிலத்தில். ஊருக்குள் மனை விற்பனைக்கு வந்தாலும் நம் ஆளுக்குக் கிடைக்காது. பேசி முடித்து முன்பணம் கொடுத்த பிறகும், 'பங்காளிக சம்மதிக்கல' என்று திருப்பித் தந்துவிடுவார்கள். வயல் வாங்கலாம், அதுவும் மெட்ராசில் குடியேறிவிட்டவரிடமிருந்து தரகர் மூலமாக. வாங்கிய பிறகு பாதைத் தகராறு தொடங்கும். எத்தனை லட்சம் அனுப்பினாலும் தெருவின் எல்லை நகர்வதில்லை. வீடு மேல்நோக்கி மட்டும்தான் வளர முடிகிறது.

அடுத்தது கோயில். எங்கள் பக்கம் சித்திரையிலும் ஆடியிலும் கொடை நடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைக் கணக்கிட்டுத்தான் லீவு கேட்பார்கள். கிறிஸ்தவத் தெருக்களில் அசன விழாவுக்கு. ஊர்ப் பொதுக்கோயிலில் தலைக்கட்டு வரிக்கு நம் தெருவைச் சேர்ப்பதில்லை. வரி வாங்கினால் மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா? அதனால் அந்தப் பணம் முழுதும் நம் அம்மன் கோயிலுக்கும் நம் தெருத் தேவாலயத்துக்கும் வருகிறது. ஓலைக்கூரையில் இருந்த அம்மனுக்கு இன்று காங்கிரீட் மண்டபம். இதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது: உன் கோயில் வாசலில் இனி நிற்க மாட்டேன் என்பது. ஆனால் பொதுக்கோயில் உரிமை என்ற கேள்வி இதில் மெல்ல மறைந்துபோகிறதே என்ற கவலையும் எனக்கு உண்டு. தனியாகக் கட்டிக்கொண்டு ஒதுங்குவதைத்தானே அவர்களும் விரும்புகிறார்கள்?

பிறகு பிளெக்ஸ். 'துபாய் வாழ் இளைஞர்கள்', 'சிங்கப்பூர் நண்பர்கள்', 'சவுதி சிங்கங்கள்'. ஏப்ரல் 14க்கும், செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் வைக்கப்படும் பலகைகளில் பாதி வெளிநாட்டுப் பணம். தலைவர் படம் சிறிதாகவும் தம்பிகளின் கறுப்புக் கண்ணாடி முகங்கள் பெரிதாகவும் இருக்கும். இதற்குக் கொட்டுகிற பணத்தில் தெருவுக்கு ஒரு படிப்பகம் வைக்கலாம் என்று நான் பல கூட்டங்களில் பேசிவிட்டேன். சில இடங்களில் வைத்தும் இருக்கிறார்கள். விளாத்திகுளம் பக்கம் ஒரு தெருவில் வளைகுடாத் தம்பிகள் சேர்ந்து மாலை வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவன் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு இருக்கும், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவனுக்குத் தனி அனுமதி வேண்டும். தேறியவனுக்கு அது வேண்டாம். அந்தக் குறிப்போடு போய் கட்டட வேலையில் முதுகு ஒடிந்தவர்கள், தம்பி அது இல்லாமல் போகட்டும் என்று கொடுக்கிற காசு அது.

நம் தெருவுக்குள்ளும் பேசவேண்டியது உண்டு. விமானம் ஏறுவதற்கு முதலில் ஒரு மாமனோ மச்சானோ அங்கே இருக்க வேண்டும், கடன் கொடுக்க ஒருவர் வேண்டும். நான் பார்த்தவரை அருந்ததியர் குடியிருப்புகளில் வெளிநாடு போனவர்கள் மிகக் குறைவு. நகராட்சி, பேரூராட்சித் துப்புரவு வேலையிலேயே அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறோம். 'கட்டிப்போட்டிருக்கிறார்கள்' என்று எழுதாமல் 'கட்டிப்போட்டிருக்கிறோம்' என்று எழுதியது தெரிந்தேதான். துபாய்ப் பணத்தில் மாடி கட்டிய நம் தெருக்களில் எத்தனை வீட்டில் அருந்ததியர் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட முடியும்?

பெண்கள் போவது இன்னொரு கதை. வீட்டு வேலைக்கு வளைகுடா போகும் பெண்களை அங்கே 'கத்தாமா' என்பார்கள். முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் குடியேற்ற அனுமதி கிடையாது என்பது அரசு விதி. அதைச் சுற்றிக்கொண்டு சுற்றுலா விசாவில் அனுப்புகிற ஏஜென்டுகள் உண்டு. அப்படிப் போனவளுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. போய்விட்டு வந்தவளைப் பற்றித் தெரு என்ன பேசுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆண் போனால் சம்பாதிக்கப் போனான். பெண் போனால் மட்டும் ஏன் அந்தச் சிரிப்பு? கணவன் குடித்தே கடனாக்கிவிட்டுப் போன வீட்டை, ஓமானில் ஆறு வருடம் பாத்திரம் தேய்த்து மீட்ட ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "பிளெக்ஸ்ல என் போட்டோவ மட்டும் ஏன் தம்பி யாரும் போட மாட்டேங்கானுவ?"

கடைசி அரை கிலோமீட்டர்

வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் உடலைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மருத்துவமனைச் சான்று, அந்நாட்டுப் போலீஸ் அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட். எல்லாம் சேர வாரங்கள் ஆகும். செலவுக்கு வழியில்லாதவர்களுக்குத் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதி உண்டு. குடியேற்ற அனுமதியோடு போனவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும்தான், விபத்தில் இறந்தால் 10 லட்சம். போகும்போது ஏஜென்ட் கையில் கொடுக்கிற காகிதக் கட்டில் அந்தப் பாலிசி எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை வீட்டில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போங்கள். அயலகத் தமிழர் நலவாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் போய், பிறகு எங்களிடம் ஓடிவருகிற குடும்பங்கள் அதிகம்.

எங்கள் வட்டாரத்தில் கட்டட வேலையில் விழுந்து இறந்த ஒருவரின் உடல், பத்தொன்பது நாள் கழித்துத் திருவனந்தபுரம் வந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸ். அரபு நாட்டு நிறுவனம், இரண்டு அரசாங்கங்கள், ஒரு விமானம், இரண்டு மாநில எல்லை என்று எல்லாவற்றையும் தாண்டிவந்த பெட்டி, சுடுகாட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் நின்றது. வழக்கமாக வரப்பு வழியே தூக்கிக்கொண்டு போவோம். பெட்டியோடு வரப்பில் போக முடியாது. வண்டிப்பாதை ஊர்த் தெரு வழியாக. அந்தப் பாதையில் பிணம் போகக் கூடாது என்றார்கள். போலீஸ் வந்தது, வட்டாட்சியர் வந்தார், மூன்று மணி நேரம் பேச்சு. கடைசியில் பெட்டியை உடைத்து உடலை வெளியே எடுத்து, பாடையில் கட்டி, வரப்பு வழியாகவே கொண்டுபோனார்கள். சட்டம் ஒழுங்கு காக்கப்பட்டது.

அவருடைய மகனும் அதே நாட்டில்தான் வேலை பார்க்கிறார். காரியம் முடிந்த மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, பாதை கேட்டு மனு எழுதச் சொன்னார். சர்வே எண்ணைத் தேடி எடுத்தோம். நில அளவை வரைபடத்தில் வண்டிப்பாதை என்றே இருக்கிறது, யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுநீதி நாளில் கொடுத்தார். அளவை செய்ய ஒரு தேதி கொடுத்து, அதைத் தள்ளிவைத்து, மறுபடி ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்குள் அவருடைய லீவு முடிந்துவிட்டது. விசா காலாவதியாகும் என்பதால் போயாக வேண்டிய நிலை.

போவதற்கு முதல் நாள் வந்து மனுவை அம்மா பெயருக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். அடுத்த அளவை இந்த மாதம் 22ஆம் தேதி, காலை பத்து மணிக்கு.